பாட்டுக்குள் பந்தி அறிவிக்கிற இடம்

நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றும் தெரியாது. எனக்குப் பதினெட்டு வயது நடக்கிறது, வீட்டில் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, அதற்குள் பிள்ளைக்குக் கடிதமா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச வராது. நீ இன்னும் எதிரில் வரவில்லை. அதனால் உன்னிடம் மட்டும் இவ்வளவு நீளமாகப் பேச முடிகிறது. நீ வளர்ந்து, என்னைவிடப் பெரிய ஆளாகி, எதையோ புதிதாகத் தொடங்கப் போகிற நாளில் இதைப் படி. நடுவில் வேறு யாராவது படித்தாலும் சரிதான். டிஜே ஆக ஆசைப்பட்டு, முதலில் எதை வாங்குவது என்று புரியாமல் கடை வாசலில் நிற்கிற ஒரு பிள்ளைக்காவது உதவும்.

இன்று புதன்கிழமை. வருகிற சனிக்கிழமை மாலை ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் கவிதா அக்காவுக்கு ரிசப்ஷன். கவிதா அக்கா என் பெரியப்பாவின் மகள். அந்த ரிசப்ஷனுக்கு நான்தான் டிஜே. இதுதான் என் முதல் நிகழ்ச்சி. டிஜே கட்டாயம் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா வெளியில் ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டார். அப்பாதான் அவரை நிறுத்தினார்.

"வெளி ஆள் எதுக்குண்ணே? நம்ம பாப்பா போடும்."

"யாரு, இதுவா? ஏன்டா, பேரு என்னன்னு கேட்டாலே உன் பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி போயி ஒளியிற புள்ளை."

"டிஜேன்னா மேசைக்குப் பின்னாடிதானே நிக்கணும்? அது பாட்டுக்கு ஒளிஞ்சு நிக்கட்டும்ணே."

பெரியப்பா சிரித்துவிட்டார். ஆனால் போகும்போது, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் மானம் போச்சுன்னா உன்னைத்தான்டா கேப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆகையால் சனிக்கிழமை நான் காப்பாற்ற வேண்டியது அப்பாவின் சொல்லை. எனக்கென்றும் ஒன்று இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியே நாலு பேர் நடுவில் போய் நிற்க எனக்கு இது ஒன்றுதான் வழி. இதிலும் தோற்றால் மறுபடியும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன் என்று எனக்கே தெரியும்.

அப்பா உனக்குத் தாத்தா ஆக வேண்டும். ஆனால் மீசைக்கு இன்னும் மை தடவுகிற மனிதரைத் தாத்தா என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் அப்பா என்றே எழுதுகிறேன். எடமலைப்பட்டி புதூரில் மைக் செட் வைத்திருக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கோயில் திருவிழா எதுவானாலும் லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். முதலில் ஒரு சாமி பாட்டு போடுவார். இரண்டாவதாக எப்போதும் ஒரே பழைய படப் பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்டால்தான் விசேஷம் ஆரம்பித்துவிட்டது என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தோன்றும். அதன் நடுவில் ஓர் இடம் வரும். வயலின் வேகமாக ஏறி ஒரு கேள்வி கேட்பதுபோல நிற்கும். அதன்பின் கொஞ்ச நேரம் வெறும் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். மறுபடி வயலின், மறுபடி வெறும் தாளம். அந்த வெற்றிடத்தில்தான் அப்பா மைக்கை எடுப்பார். "பந்தி ரெடி. சாப்பிடாதவங்கள்லாம் சாப்பிட வாங்க. மொய் எழுதுறவங்க வலப்பக்கம் வாங்க." சரியாக வயலின் திரும்பி வருவதற்குள் முடித்துவிடுவார். சின்ன வயதில், அறிவிப்புச் செய்வதற்காகவே அந்தப் பாட்டில் இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தைப் பதினொன்றாம் வகுப்பின் பாதியில் விட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, வீட்டிலும் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் பேர் கூப்பிடும்போது 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டும். என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. வகுப்பில் உட்கார்ந்தபடியே நான் ஆப்சென்ட் ஆன நாட்கள் உண்டு. பக்கத்தில் இருந்தவள், "இவ இருக்கா டீச்சர்" என்று சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட ஆப்சென்ட்டே மேல் என்று இருந்துவிடுவேன். ஒரு நாள் உண்மையிலேயே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. படிப்பை விட்டது நல்லது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்றைக்கும் தபால்காரர் கையெழுத்துக் கேட்டால் அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறேன். நீ எதையாவது விடுவதாக இருந்தால், அம்மா அப்பாவிடம் வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லிவிட்டு விடு. நான் சொல்லாமல் விட்டேன். அம்மா பல நாள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருந்தபோதுதான் இது தொடங்கியது. கண்ணாடி உடைந்த என் பழைய போனில் ஒரு டிஜே செயலியை இறக்கினேன். திரையில் இரண்டு வட்டத் தட்டுகள் வரும். இடப்பக்கத் தட்டில் ஒரு பாட்டு, வலப்பக்கத் தட்டில் ஒரு பாட்டு. ஒன்றை முடிக்காமலே இன்னொன்றை அதற்குள் நுழைத்து, எந்த இடத்தில் மாறியது என்றே தெரியாமல் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு பாட்டின் தாளமும் ஒன்றாக விழ வேண்டும். எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. கொல்லையில் துணி துவைக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கல்லில் அடித்துப் பழகினேன். "துணி அழுக்கு போகணுமா, கிழியணுமா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவார். ஒரு மத்தியானம் இரண்டு பாட்டும் ஒன்றாக விழுந்தன. ஒரு குத்துப் பாட்டும் ஒரு தாலாட்டும். தாலாட்டின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியிருந்தேன். வேறு வேறு வருஷத்தில், வேறு வேறு ஊரில் யாரோ பாடிய இரண்டு பாட்டுகள், ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்போல என் கையில் சேர்ந்து நடந்தன. உடம்பெல்லாம் புல்லரித்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீயும் முதலில் எதையும் வாங்காதே. கையில் இருப்பதை வைத்து ஒரு தடவையாவது அந்தப் புல்லரிப்பு வருகிறதா என்று பார். வரவில்லை என்றால் உனக்கு வேறு ஏதோ இருக்கிறது.

போனில் ஒரு குறை உண்டு. அடுத்த பாட்டை மற்றவர்களுக்குக் கேட்காமல் நாம் மட்டும் முன்கூட்டிக் கேட்க முடியாது. டிஜேயின் வேலையே அதுதான். வெளியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்போனில் இன்னொரு பாட்டைத் தயார் செய்ய வேண்டும். கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டே, கூட்டத்துக்குத் தெரியாத ஒரு மண்டபத்தில் தனியாக இருக்கலாம். என்னைப் போன்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்குக் கன்ட்ரோலர் என்று ஒரு பலகை இருக்கிறது. சுழற்ற இரண்டு சக்கரங்கள், நடுவில் தள்ளுகிற ஒரு கட்டை, சில திருகுகள். லேப்டாப்போடு சேர்த்து மாட்ட வேண்டும். லேப்டாப் கவிதா அக்கா காலேஜில் வைத்திருந்தது, எனக்குத் தந்துவிட்டாள். கன்ட்ரோலர் வாங்க அப்பாவும் நானும் மெயின்கார்ட் கேட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்கார அண்ணன் கேட்டதற்கெல்லாம் நான் அப்பாவின் காதில் சொல்வேன், அப்பா அவரிடம் சொல்வார், அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். அப்பாவின் கண் முழுக்க மேல் தட்டில் இருந்த பெரிய கன்ட்ரோலர் மேல் இருந்தது. கல்லாப்பெட்டிபோல அகலம், எல்லாப் பொத்தானிலும் விளக்கு.

"இதுல நாலு பாட்டு ஒரே நேரத்துல ஓட்டலாம்ண்ணே" என்றார் கடைக்காரர்.

"கேட்டியா பாப்பா, நாலு!"

நான் அப்பாவின் காதில், "ஒரு நேரத்துல ரெண்டு பாட்டைப் புடிக்கவே எனக்கு ரெண்டு கையும் பத்தலப்பா" என்றேன்.

அப்பா அதைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். "பாப்பாவுக்குச் சின்னதுலதான் கை நிக்குமாம்."

கீழ்த்தட்டில் ஒருவர் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தந்த சின்னக் கன்ட்ரோலர் ஒன்று இருந்தது. அதைத்தான் எடுத்தோம். உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். சின்னதே போதும். ஆனால் அதில் ஹெட்போன் மாட்டத் தனி ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பார். விலை மலிவான சிலவற்றில் அது இருக்காது, அப்புறம் நீயும் கூட்டத்தோடு சேர்ந்துதான் கேட்க வேண்டிவரும். பழையது வாங்கினால் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு திருகையும் மெதுவாகத் திருப்பு, ஒவ்வொரு கட்டையையும் தள்ளிப் பார். கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். உன் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துக்கொண்டு போ, அதில் மாட்டி ஓடினால்தான் வாங்கு. கலர் லைட்டெல்லாம் கடைசியில். பாட்டுகளை உன்னிடமே சேமித்து வை, மண்டபத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதே. ஹெட்போன் காதை முழுசாக மூட வேண்டும். அப்பா, "இவ்ளோ பெரிய பெட்டி இருக்கு, அது எதுக்கு?" என்று கேட்டார். காதில் விளக்கிச் சொன்னேன். புரியவில்லை, ஆனாலும் வாங்கித் தந்தார்.

அந்த ஹெட்போன்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்கு முன் என்னிடம் இருந்த இயர்போன்கள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் செத்துப்போயிருக்கும். உனக்கும் தெரிந்திருக்கும், எந்த வீட்டில் இரண்டு பக்கமும் பாடுகிற இயர்போன் இருக்கிறது? பெட்டிகள் அடுக்கிய அறையில் கன்ட்ரோலரை வைத்து, அப்பாவே வயரெல்லாம் மாட்டித் தந்தார். பழக வேண்டும் என்பதற்காக, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டாகப் போட்டேன். அப்பாவின் அதே பழைய பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனில் கேட்டேன். வயலின் ஏறி நின்றது. இப்போது வெறும் தாளம் வரும் என்று காத்திருந்தேன். வலது காதில் ஒரு புல்லாங்குழல் பதில் சொன்னது.

பயந்து கழற்றிவிட்டேன். பெட்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அங்கே வெறும் தாளம்தான். மறுபடி பாட்டை முன்னால் தள்ளி, ஹெட்போனை மாட்டினேன். வயலின் கேட்டது, புல்லாங்குழல் சொன்னது. கழற்றினேன். இல்லை. மாட்டினேன். இருந்தது. அது எவ்வளவு அழகாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? பிறந்ததிலிருந்து கூடவே வளர்ந்த பாட்டு. பாதியில் நிற்கிற பாட்டு என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து அத்தனை வருஷமும் வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆனால் அன்று எனக்கு அப்படி நம்பத் துணிவில்லை. ஹெட்போன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பா வெளியூர் போயிருந்ததால், தனியாகவே பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

"என்ன பாப்பா, அப்பா வரல?"

தலையாட்டினேன். ஹெட்போனை மேசைமேல் வைத்தேன். அவர் காத்திருந்தார். காதில் சொல்ல அப்பா இல்லை. "இதுல... இல்லாத சத்தம் கேக்குதுண்ணா" என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"இல்லாத சத்தமா? பேய் சத்தமா?"

போனில் இருந்த பாட்டைக் காட்டினேன். அவர் மாட்டிக்கொண்டு கேட்டார். புல்லாங்குழல் வருகிற இடத்தில் விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது பாட்டுலயே இருக்கும்மா. நீ இவ்ளோ நாள் எங்க கேட்ட?"

"எங்க மைக் செட்ல."

"அதுல எத்தனை வயர் குத்தியிருக்கீங்க? வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு இருக்குமே?"

"வெள்ளை மட்டுந்தான். சிவப்பை மடக்கி டேப் சுத்தியிருக்கு."

அவர் சிரித்தார். "அந்த டேப்புக்குள்ளதான்மா இருக்கு உன் புல்லாங்குழல்."

மைக் செட் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற பழக்கம் இது. அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒரே ஓட்டை. பாட்டுப்பெட்டியிலிருந்து வருகிற வயரோ இரண்டு. இடப்பக்கச் சத்தம் வெள்ளையில், வலப்பக்கச் சத்தம் சிவப்பில். வெள்ளையைக் குத்திவிட்டு, சிவப்பு எதிலும் பட்டு ஷார்ட் ஆகாமல் மடக்கி டேப் சுற்றிவிடுவார். ஆம்ப்ளிஃபயர் மாறி, பெட்டிகள் மாறி, இரண்டு வயரும் குத்துகிற வசதி வந்த பிறகும் கை மாறவில்லை. என் புதுக் கன்ட்ரோலரைப் பிரித்த அன்றும், ஒரு தகப்பன் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பதுபோல, சிவப்பு வயரை ஆசையாக மடக்கி டேப் சுற்றித்தான் என்னிடம் தந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மணப்பாறையிலிருந்து திருவெள்ளறை வரை எங்கள் பெட்டியில் பாடிய எல்லாப் பாட்டையும் நினைத்துப் பார்த்தேன். எதிலெதில் யார் யார் காத்திருக்கிறார்களோ.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். "சிவப்பு வயரையும் குத்தலாமாப்பா?"

"வேணாம்மா. மண்டபத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்கணும். பொண்ணு வீட்டுப் பக்கம் ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒண்ணுன்னு கேட்டா சண்டை வந்துடும்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மணப்பாறையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துப் பெட்டி மட்டும் நின்றுவிட்டதாம். வேண்டுமென்றே தங்களை மட்டம் தட்டுகிறார்கள் என்று சொல்லி அவர்கள் பந்தியில் உட்காரவே மறுத்துவிட்டார்களாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் நடுவில் வைத்தபிறகுதான் இலையில் கை வைத்தார்களாம். ஹெட்போனை நீட்டி, "ஒரு தடவை கேளுங்கப்பா" என்றேன். "காதை அடைக்குதும்மா அது" என்று தள்ளிவிட்டார். புல்லாங்குழலைப் பற்றி நான் சொல்லவில்லை. வாயால் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை அவர் மாட்டித் தருகிறபடியே மாட்டிக்கொண்டு போட்டுவிட வேண்டியதுதான்.

இதுவரை எழுதியது புதன்கிழமை. இன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நேற்று நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

லோடு ஆட்டோவில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. மடியில் கன்ட்ரோலர், பிள்ளையைப்போல. மண்டபத்தில் மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. இந்தப் பக்கம் நம் ஆட்கள், அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார். அப்பா வழக்கம்போல வெள்ளையை முதல் பெட்டியில் குத்தி, அதிலிருந்து நீள வயரில் இரண்டாவது பெட்டிக்கும் அதே சத்தத்தைக் கொண்டுபோனார். மைக்குக்கு மட்டும் அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயர், தனிப் பெட்டி. என் மேசை நம் ஆட்கள் பக்கத்துப் பெட்டிக்கு அருகில் இருந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. தலையைத் தூக்காமல் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை நுழைத்தேன். இரண்டு தடவை யாருக்கும் தெரியவில்லை, ஒரு தடவை லேசாகத் தடுக்கியது. ஆனால் யாரும் ஆடவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"டிஜே, மைக்ல பேசுங்க! எல்லாரையும் கூப்பிடுங்க!"

"கையைத் தூக்கச் சொல்லுங்க மேடம்!"

"டேய், பாட்டு மட்டும் ஓடுது, ஆளையே காணோமேடா!"

டிஜே என்றால் பேச வேண்டும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஒருவன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். வாயருகில் கொண்டுபோனேன். பாட்டையும் மீறி மண்டபம் முழுவதும் என் மூச்சு கேட்டது. புஸ், புஸ் என்று. குழந்தைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும். பெரியப்பா எழுந்து அப்பாவிடம் வந்தார். "நான் அப்பவே சொன்னேனாடா இல்லையா?" அப்பா என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். என்னைக் காப்பாற்ற ஏதாவது பேச நினைத்தார் போல. முப்பது வருஷப் பழக்கம், வாயில் வந்தது, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." சிரிப்பு இரண்டு மடங்கானது. "அண்ணே, டெஸ்டிங் நல்லாருக்குண்ணே! மெயின் பிக்சர் எப்ப?" என்று ஒருவன் கத்தினான். அப்பாவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். நீ அதைப் பார்க்க வேண்டாம்.

பாட்டை நிறுத்திவிட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஏதோ வயரைச் சரிபார்க்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். ஒளியத்தான் போனேன். மேசைத்துணிக்குள் அரை இருட்டு. முகத்துக்கு நேராக, டேப் சுற்றிய சிவப்பு முனை தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பில் உட்கார்ந்தபடியே ஆப்சென்ட் ஆன நாட்கள் ஏனோ ஞாபகம் வந்தன. நகத்தால் டேப்பைக் கீறி உரித்தேன். இந்தப் பக்கத்துப் பெட்டியிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் நீள வயரைப் பிடுங்கி, இரண்டு வயரைச் சேர்க்க அப்பா எப்போதும் பையில் வைத்திருக்கும் இணைப்பு முனையைப் போட்டு, சிவப்பில் மாட்டினேன். சண்டை வந்தால் வரட்டும். எழுந்து, அப்பாவின் பழைய பாட்டைப் போட்டேன்.

முதல் வரியிலேயே நம் ஆட்கள் பக்கம் சலசலப்பு அடங்கியது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அப்பா மைக்கோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டு பாதியைத் தொட்டது, வயலின் ஏறியது. அவர் கை தானாக மைக்கை வாயருகில் கொண்டுபோனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயலின் கேள்வி கேட்டு நின்றது. பந்தி ரெடி என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார்.

அந்தப் பக்கத்துப் பெட்டியிலிருந்து புல்லாங்குழல் வந்தது.

அப்பா திறந்த வாயை மூடவில்லை. மைக் மட்டும் மெதுவாக இறங்கியது. மண்டபத்தில் அத்தனை தலைகளும் ஒன்றாக அந்தப் பக்கம் திரும்பின, தேர் வருகிற திசையைப் பார்ப்பதுபோல. மறுபடி இந்தப் பக்கம் வயலின், எல்லாத் தலையும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் புல்லாங்குழல். முதலில் புரிந்துகொண்டவர்கள் குழந்தைகள்தான். சத்தத்தைப் பிடிக்க ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓடினார்கள், போய்ச் சேர்வதற்குள் சத்தம் திரும்பி இங்கே வந்துவிடும். மாப்பிள்ளையின் நண்பர்களில் ஒருவன், "டேய், நம்ம பக்கந்தான்டா பதில் சொல்லுது!" என்று கத்தினான். அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கையைச் சுழற்றினான். சக்கரத்தைப் பின்னால் இழுத்து மறுபடி அந்த இடத்திலேயே விட்டேன். வயலினுக்கு நம் ஆட்கள் ஆடினார்கள், புல்லாங்குழலுக்கு அவர்கள் ஆடினார்கள். நான் இழுக்க இழுக்க, விட விட, மண்டபம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அந்தத் தாளத்தின் வேகத்திலேயே அடுத்த குத்துப் பாட்டை உள்ளே நுழைத்தேன். எங்கே மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சம்பந்தியோடு ஆடினார். அவ்வளவு நேரமும் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சமையல்காரர் வியர்வையோடு அப்பாவிடம் ஓடிவந்தார். "அண்ணே, பந்தி ரெடின்னு சொல்லுங்கண்ணே, போட்ட இலை காயுது."

"இருப்பா" என்றார் அப்பா, கண்ணை அந்தப் பக்கத்துப் பெட்டியிலிருந்து எடுக்காமலே. "கேட்டுட்டுச் சொல்றேன்."

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது அப்பாவும் என்னோடு பின்னால் ஏறிக்கொண்டார். பாதிப் பாலத்தில், "இத்தனை கல்யாணத்துல அந்த மனுஷன் வாசிக்க வாசிக்க, அவரு மேலயே நான் சாப்பிட வாங்கன்னு பேசியிருக்கேன் பாரு" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இருவரும் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

எல்லாப் பாட்டுக்கும் நேற்றுப்போலச் செய்துவிடாதே. பெரிய மண்டபத்தில் ஒரு ஓரத்தில் இருப்பவருக்குப் பாதிப் பாட்டு போய்விடும், அப்பா சொன்னது அந்த மட்டில் சரி. இரண்டு பக்கத்தையும் கலந்து ஒரே சத்தமாக்கி இரண்டு பெட்டிக்கும் அனுப்ப லேப்டாப்பிலேயே வழி இருக்கிறது, அதைப் பழகிக்கொள். யாருடைய வாசிப்பும் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். முதலில் எதை வாங்குவது என்று நீ கேட்டால், நல்ல ஹெட்போன் என்பேன். சக்கரமும் பெட்டியும் நீ மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு. உனக்கு என்று வந்து சேர்வது இது ஒன்றின் வழியாகத்தான். இரண்டு பக்கமும் பாடுகிறதா என்று பார்த்து வாங்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறார். டீ ஆறிப்போய்ப் பக்கத்தில் இருக்கிறது. ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தார்.

"மாத்திப் போட்டிருக்கீங்கப்பா" என்றேன்.

"தெரியும்மா. ஒரு தடவை நேரா கேட்டுட்டேன். இந்தக் காதுக்கும் வேணும்ல?"

திரும்பி வந்து உட்கார்ந்து இந்த வரியை எழுதுவதற்குள் மறுபடி கூப்பிடுகிறார். காதில் ஹெட்போன் இருப்பதால் தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவுக்கே கேட்கிறது.

"பாப்பா, ஓடியா! இதுலயும் யாரோ இருக்காங்க!"

போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.